21 நாளுக்கு ஒரு ஊசி: சின்ன வயதில் நம்மைப் பார்த்த டாக்டர்கள்

கரிசல்காட்டான் எழுதியது:

போன வாரம் என் மகளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாளைக்கு மருந்து எழுதினார். "மூணாவது நாளே சரியான மாதிரி இருக்கும், நிறுத்திடாதீங்க" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். நான் வேர்த்தது வேறொரு தொண்டை வலியை நினைத்து. அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு டாக்டர் இருந்திருப்பார், நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர். அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போவாள். 1985-இல் எனக்கு ஒன்பது வயது. தொண்டை வலி வந்தது, தானாகப் போனது, யாரும் சட்டை செய்யவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கியது. போர்வை பட்டாலே கத்துவேன். இரண்டு நாளில் அது வடிந்து இடது கணுக்கால். அது வடிந்ததும் மணிக்கட்டு. ஆச்சி வாயுப்பிடிப்பு என்று வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். பக்கத்து ஊர்ச் சாமியாடி, பையன் எங்கேயோ பயந்திருக்கான் என்று திருநீறு போட்டார். திருநீறு போட்ட அன்றைக்கு வலி கணுக்காலை விட்டுப் போனது உண்மை. மறுநாள் முழங்கையில் இருந்தது.

அப்பா சைக்கிள் கேரியரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து கோவில்பட்டிக்கு மிதித்தார். சின்ன அறை, பச்சைத் துணித் தடுப்பு, ஸ்பிரிட் வாசம். அப்பா என் காலைக் காட்டினார். டாக்டரய்யா காலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நெஞ்சில் குழாயை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னார். வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டினார். என்னை இடதுபக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

அன்றைக்கே கடிதம் கொடுத்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூன்று வாரம் படுக்கை. ஆஸ்பிரின் மாத்திரை வேளாவேளைக்கு. அதை அந்த அளவுக்குத் தின்றால் காதுக்குள் சில்வண்டு கத்தும், தெரியுமோ? எனக்கு ராவும் பகலும் கத்தியது. ருமாட்டிக் ஜுரம் என்றார்கள். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு, ஆள் மாறாட்டத்தில் சொந்த மூட்டையும் இதய வால்வையும் அடித்திருக்கிறது. மூட்டு தேறிவிடும், தழும்பு நிற்பது வால்வில்தான். மறுபடி தொண்டையில் அந்தக் கிருமி வந்தால் வால்வு இன்னும் கெடும்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரய்யா அப்பாவிடம் சொன்னதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "காட்டுக்குக் காவல் போடுதீங்கல்ல, அதே மாதிரிதான். இந்த ஊசி காவக்காரன். ஆனா 21 நாளைக்குத்தான் முழிச்சிருப்பான். அப்புறம் தூங்கிருவான். அடுத்தவனை அனுப்பணும்." எத்தனை நாளைக்கு என்று அப்பா கேட்டார். "இவனுக்கு 25 வயசு ஆகுறவரைக்கும்."

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அது பென்சாதின் பெனிசிலின். போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு விளக்க முடியாது. குப்பியில் வெள்ளைத் தூள், தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பால் மாதிரி வரும். கொஞ்சம் தாமதித்தால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசி. புட்டத்தில் போட்டால் ரெண்டு நாளைக்குப் பள்ளிக்கூட பெஞ்சில் ஒருபக்கமாகத்தான் உட்காரலாம். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. அது கொதிக்கிற பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடுகிற சத்தம் கேட்டாலே எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் முதலில் கையில் துளி டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்காரவைப்பார். அந்த அரைமணியில் கணக்குப் பாடம் கேட்பார். ஊசிக்குப் பயப்படுவதா கணக்குக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் இருப்பேன். அதற்காகத்தான் கேட்டாரோ என்னவோ.

மருந்துக்கு மட்டும் காசு வாங்குவார். அம்மா சும்மா போகமாட்டாள். பாசிப்பயறு, மிளகாய் வத்தல், சீசனுக்கு வெள்ளரிப்பிஞ்சு. வத்தல் மட்டும் வேண்டாம், வீட்டில் அல்சர் என்பார். அம்மா அடுத்த தடவையும் வத்தல்தான் கொண்டுபோவாள்.

ஒருமுறை அறுப்பு நேரத்தில் தேதி மறந்துவிட்டது. நான் நினைவுபடுத்துவேனா என்ன? ரெண்டாம் நாள் 15 பைசா அஞ்சலட்டை வந்தது. ஊர்ப்பெயர், அப்பா பெயர், கீழே ஒரே வரி: "செவ்வாய்க்கிழமை ஊசி. வரவில்லை." அதற்கப்புறம் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே கார்டு வர ஆரம்பித்தது. போஸ்ட்மேன் என்னைப் பார்த்தாலே "ஏலே, ஒனக்கு ஊசி வந்திருக்குடா" என்று தெரு முழுக்கக் கத்துவார்.

1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறுநாள் பஸ் இல்லை, கடை இல்லை. எனக்கு ஊசி அந்த 22-ஆம் தேதி. ஒருநாள் தள்ளினால் குடி முழுகிவிடாது, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி. டிபன் பாக்ஸில் அவித்த சிரிஞ்சு, சட்டைப் பையில் குப்பி. எட்டு கிலோமீட்டர் மிதித்து வந்திருந்தார், அவருக்கு அப்போதே ஐம்பதுக்கு மேல். டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அப்பாவோடு கம்பு விலை பேசினார். ஊசி போட்டார். கருப்பட்டிக் காப்பி குடித்தார். கிளம்பிவிட்டார்.

அந்த ஊசி எவ்வளவு பெரிய விஷயம் என்று கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. குப்பியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போடமாட்டேன் என்றார்கள். பெனிசிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நிமிஷத்தில் ஆள் காலி, அந்த வம்பு எதற்கு என்ற பயம். ஒரு கிளினிக்கில் என்னை நிற்கக்கூட விடவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பயம் நியாயமானதுதான். ஆனால் அதே பயத்தை வைத்துக்கொண்டுதான் ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் என்னோடு அரைமணி உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்கு உறைத்தது. அப்புறம் மூன்று வருஷம், 21 நாளுக்கு ஒருமுறை ராத்திரி பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்தேன்.

வருஷத்துக்கு 17 ஊசி, 16 வருஷம். 270-ஐத் தாண்டும். 2001-இல் நிறுத்தினோம்.

கம்பவுண்டர் மகன் எழுதியது:

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் 31 வருஷம் கம்பவுண்டர். அதனால் நான் மேஜைக்கு அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

மிக்சர் என்றால் இப்போது தின்கிற மிக்சர் மட்டும்தான் தெரியும். அப்போது மிக்சர் என்றால் டாக்டர் கொடுக்கிற தண்ணி மருந்து. அதற்கு நோயாளியே வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர வேண்டும். பிராந்தி பாட்டில் கொண்டுவருவார்கள், சர்பத் பாட்டில் கொண்டுவருவார்கள். அப்பா அதைக் கழுவி, ரோஸ் கலர் மருந்தை ஊற்றி, காகிதத்தைப் படிப்படியாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு படி ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் தப்பில்லாமல் கொடுத்துவிடலாம்.

டாக்டர் எழுதுகிற சீட்டின் வலது மூலையில் சில நேரம் ஒரு புள்ளி இருக்கும். பேனா பட்ட மாதிரிதான் தெரியும். புள்ளி இருந்தால் காசு கேட்கக் கூடாது. அப்பா மருந்தைக் கொடுத்துவிட்டு, "டாக்டர் பீஸ் உள்ளேயே கொடுத்துட்டீங்கள்ல?" என்று சத்தமாகக் கேட்பார். வந்தவர் ஒரு நொடி திகைத்துத் தலையாட்டுவார். வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியாது. இதை அப்பா எங்களிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டர் காலமானபிறகு, பழைய சீட்டுக் கட்டுகளைக் கிழிக்கும்போது நான் புள்ளியைக் கவனித்துக் கேட்டதால் சொன்னார்.

ஒரு சீட்டில் எங்கள் பெரியப்பா பெயர் இருந்தது. புள்ளியோடு. அப்பாவுக்கும் எனக்கும் பேச ஒன்றும் இல்லை.

வலிகாமத்தான் எழுதியது:

எனக்குச் சின்ன வயதில் முட்டு, அதாவது ஆஸ்துமா. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மருந்துக்கும் தடை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரிப்போம், படிப்பும் சாப்பாடும் அந்த வெளிச்சத்தில்தான். முட்டு எப்போதும் இரவில்தான் வரும். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் ஓடுவார். டொக்டர் வீட்டுப் படலை பூட்டியே நான் கண்டதில்லை.

நரம்பில் ஏற்றுகிற அமினோபிலின் ஊசி அது. விறுவிறு என்று ஏற்றினால் நெஞ்சு படபடத்து ஆபத்தாகிவிடும். பத்து நிமிடத்துக்கு மேலாக, மெல்ல மெல்லத் தள்ளவேண்டும். டொக்டரின் மனைவி போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டொக்டர் ஊசியைத் தள்ளிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்குவார். மூச்சு இழுக்கிற பிள்ளையால் ரெண்டு சொல் சேர்த்துச் சொல்ல ஏலாது. அவர் தனியே சொல்லிக்கொண்டு போவார். எந்த வரியில் நான் சேர்ந்துகொள்கிறேன் என்பதுதான் அவருக்கு அளவு. "ஓரேழு ஏழு"விலிருந்து தொடங்கி "எட்டேழு ஐம்பத்தாறு" அளவில் என் குரல் வரும். அப்போது மனைவியைப் பார்த்து, "சரி, தேத்தண்ணி போடும்" என்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழைக்குள், யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நாலைந்து நாள் கழித்து டொக்டரும் அங்கே வந்து சேர்ந்தார். ஈரச் சாரத்தோடு, ஒரு வாங்கைப் போட்டு, வரிசையாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகம் கேட்கவில்லை. "எங்க, ஏழாம் வாய்ப்பாடு?" என்றார். ஒரே மூச்சில் சொன்னேன். "அப்ப தள்ளி நில், பின்னால நிக்கிற பிள்ளை வரட்டும்."

இப்போது நான் இருக்கிற நாட்டில் இன்ஹேலர் பம்பை இரண்டு தரம் அமத்தினால் முடிந்தது.

ஊசிக்குப்பி எழுதியது:

உங்கள் அளவுக்குப் பெரிய கதை இல்லை. எங்கள் டாக்டர் ஊசி போட்டு முடித்ததும் காலிக் குப்பியை ரப்பர் மூடியோடு கையில் கொடுப்பார். அந்தக் குப்பிகளை வைத்துத்தான் நான் கடை விளையாட்டு விளையாடினேன். மொத்தம் 14 சேர்த்தேன். பதினைந்தாவதுக்காகப் பொய்யாக இருமி, மாட்டிக்கொண்டேன்.

வடசென்னை லேப்காரி எழுதியது:

எங்கள் பக்கத்தில் டாக்டர் பேச்சு எடுத்தாலே வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன், வியாசர்பாடி திருவேங்கடம் வீரராகவன் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். இரண்டு பேருமே 5 ரூபாய் டாக்டர் என்று பேர் வாங்கியவர்கள். ஒருவர் 2018 டிசம்பரில் போனார், இன்னொருவர் 2020 ஆகஸ்டில். அவர்களைப் பற்றி எழுதப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது எனக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு அரசாங்க டாக்டரம்மாவைப் பற்றி.

எனக்கு ஏழு வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வருகிற காசநோய். சாயந்திரமானால் காய்ச்சல், கழுத்தில் நெறி, எடை ஏறவே இல்லை. கையில் ஊசி போட்டு மூணாம் நாள் தடிப்பை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். டி.பி. என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் பாட்டி அழ ஆரம்பித்துவிட்டார். அவருடைய தம்பி தாம்பரம் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவர். டாக்டரம்மா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பாவை எங்கேயும் அனுப்ப வேணாம்மா. வீட்ல உங்ககூடவே இருக்கட்டும். மாத்திரை மட்டும் விடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னார். நான் லேப் படிக்கப் போனபிறகுதான் தெரிந்தது, காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்ததற்குக் குறையாமல் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான். பாட்டிக்கு அதெல்லாம் தெரியாது. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்ததால் நம்பினார்.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அதைத் தின்றால் ஒன்றுக்குப் போவது ஆரஞ்சு நிறத்தில் வரும். எல்லாக் குழந்தைகளும் பயந்து மருந்தை ஒளித்துவைக்கும். எனக்கு அவர் முன்கூட்டியே ரகசியம் மாதிரி காதில் சொன்னார்: "நாளைக்கு ஆரஞ்சு கலர்ல வரும். வந்தா மாத்திரை உள்ள சண்டை போடுதுன்னு அர்த்தம். தினமும் பாத்து வெச்சு என்கிட்ட மட்டும் சொல்லணும்." மாதா மாதம் போகும்போது முதல் கேள்வி, "என்ன கலர்?" நான் மாத்திரை தின்கிறேனா என்று அவர் வேவு பார்த்தது எனக்குத் தெரியவே இல்லை. எனக்கு ஏதோ பதவி கிடைத்த மாதிரி இருந்தது.

இன்றைக்கும் லேபில் ஆரஞ்சு நிற சாம்பிள் வந்தால் சிரிப்பு வந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

டாக்டர் மகள் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். என் அப்பாவும் உங்கள் டாக்டர்கள் மாதிரி ஒருவர்தான். ஊர்ப் பெயர் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்குக்கூட அப்பா மத்தாப்புக் கொளுத்தியதில்லை. பட்டாசில் கை வெந்த குழந்தைகள் காலை ஐந்து மணியிலிருந்து வரும். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பியபோது பக்கத்து வீட்டு அத்தை பார்த்துத்தான் அப்பாவிடம் சொன்னார். அவர் அன்று முப்பது வீங்கின கன்னத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற அந்த அரைமணி நேரம், அந்த ஏழாம் வாய்ப்பாடு, அதெல்லாம் எங்கே போனது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. தொடர்ந்து எழுதுங்கள். படிக்கிறேன்.

ஊசிக்குப்பி எழுதியது:

கரிசல்காட்டான் அண்ணாச்சி, உங்க டாக்டர் இப்ப இருக்காரா? நன்றி சொன்னீங்களா?

கரிசல்காட்டான் எழுதியது:

இல்லை தம்பி. காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

டாக்டர் மகள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. 1991 மே 22 அன்று அவர் எங்கள் திண்ணையில் காப்பி குடித்தபோது அவர் வீட்டில் ரெண்டு பிள்ளைகள் இருந்திருக்கும். ஊரே அடைத்துக் கிடக்க, அப்பா சைக்கிளில் எங்கேயோ போயிருக்கிறார். அதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நன்றி சொல்லப் போனேன். 2003-இல் கல்யாணப் பத்திரிகையோடு, வேட்டி, பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு. நானே ரெண்டு நாள் யோசித்து நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மாவும் கூட வந்தாள், மஞ்சள் பையில் மிளகாய் வத்தலோடு.

பத்திரிகையை வாங்கி மேஜையில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார்.

"கீழ்க் கடவாய்ப் பல் சொத்தையாக் கெடக்கு. எத்தனை நாளா இப்படி வச்சிருக்க?"

"ஒரு வருஷமா, சார்."

"பல் டாக்டர்கிட்டப் போனியா? போனா ஒன் வால்வு கதையை முதல்ல சொல்லணும்னு சொன்னேனா இல்லையா? பல்லைத் தொட்டா வாயில உள்ள கிருமி ரத்தத்துல எறங்கி எங்க போயி ஒக்காரும்?"

"நெஞ்சுல, சார்."

"தெரிஞ்சுக்கிட்டே வச்சிருக்கானே! 16 வருஷம் நான் காவல் போட்டு, இவன் வேலியைத் தெறந்து விட்டுட்டு நிக்கான் பாருங்க" என்று அம்மாவிடம் முறையிட்டார். அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டாள். பத்து நிமிஷம் வசவு. வெளியே ஆள் காத்திருந்தது. பல் டாக்டருக்குக் காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, வத்தலை அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நாலு வாக்கியமும் வாயிலேயே நின்றுவிட்டன. கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை, அன்றைக்கு யாருக்கோ தேதியாக இருந்திருக்கும்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து அஞ்சலட்டை வந்தது. அதே கையெழுத்து, ஒரே வரி: "பல் என்ன ஆயிற்று?"

நான் ஒரு கார்டு வாங்கி உட்கார்ந்தேன். எழுத எவ்வளவோ இருந்தது. "பிடுங்கியாச்சு, சார்" என்று எழுதிப் போட்டேன்.